ஒரு வாய் சோடா

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வெளிய வருவாகளாம், வந்து ஒவ்வொரு ஆளோட சொந்தக்காரங்களையும் கூப்பிட்டுப் பேசுவாகளாம், இப்ப மணி பத்து இருபது, நாப்பது நிமிசம் இருக்கு, அதுக்குள்ள நான் சொல்லிரணும். நேத்து காலையில தவசியண்ணன் வாயில நான் சோடா ஊத்துனேன்னு சொல்லிரணும். ஒரே ஒரு வரிதான். மினி பஸ் படியில நின்னுக்கிட்டு பதினோரு வருசமா கத்துற வாயி இது, உள்ள போ, உள்ள போய்யா, நடுவுல எடம் கெடக்குல்ல, கம்பியப் பிடிம்மான்னு நாள் முச்சூடும் ஓயாத வாயி, அதுல இருந்து இந்த ஒரு வரி வரமாட்டேங்குது. பக்கத்துல மதினி உக்காந்திருக்காக. மதினின்னா தவசியண்ணன் சம்சாரம், முத்துக்கனி. அண்ணன் டிரைவரு, நான் கண்டக்டரு, கூடப் பொறக்கலைன்னாலும் எனக்கு அவுக மதினிதான், ஞாயித்துக்கிழமை தவறாம அங்கதான் எனக்குச் சோறு. நேத்து கட்டியிருந்த அதே சேலை. மடியில அண்ணனோட காக்கிச் சட்டைய மடிச்சு வச்சிருக்காக, உள்ள கூட்டிட்டுப் போன ஒடனே கத்தரிய வச்சு வெட்டி எடுத்து ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க, ரெண்டு கையும் தோள் வரைக்கும் கிழிஞ்சு கெடக்கு, இதத் தச்சுரலாம்ல தம்பின்னு காலையில இருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாக, தச்சுரலாம் மதினின்னு நானும் ரெண்டு தடவை சொல்லிட்டேன். அந்தச் சட்டை முன்பக்கம் ரோஸ் கலர்ல ஒரு கறை இருக்கு. அவுக அத ரத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். இந்த ஆஸ்பத்திரி ஹால்ல இருபத்தியாறு நாற்காலி, முப்பத்தொரு பேரு, அஞ்சு பேரு ஸ்டாண்டிங். பழக்க தோசம், கருமம், சாவு வீட்டுக்குப் போனாலும் தலைய எண்ணிருவேன். சாவு வீடுன்னு ஏன் இப்ப வருது. வாயில அடிக்கணும் எனக்கு.

நேத்து ஒம்பதரை மணி டிரிப்பு முடிஞ்சு வண்டி ஸ்டாண்டுல நிக்கிது. மேல ரெண்டு வாழைத்தார், ஒருத்தர் கல்யாண வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு ஏத்தியிருந்தாரு. நியாயமா மேல ஏறுறது கண்டக்டர் வேலை. ஆனா கயித்துல என்னைய நம்பமாட்டாரு அண்ணன். நீ போட்ட முடிச்சு அவுந்து தாரு ரோட்டுல விழுந்துச்சுன்னா பின்னால வர்றவன் ஒன்னையவா தேடுவான், என்னையத்தான்ல தேடுவாம்பாரு. அதனால கட்டுறதும் அவருதான் அவுக்குறதும் அவருதான், நான் கீழ நின்னு, பாத்துண்ணே, வயசாகுதுல்லம்பேன், அவரு மேல இருந்து செருப்பக் காட்டுவாரு, ஸ்டாண்டே சிரிக்கும். நேத்தும் அப்படித்தான் காட்டுனாரு. தார எறக்கிக் குடுத்துட்டு ஏணியில திரும்பி எறங்குறாரு, நான் மறுபக்கம் திரும்பி ஒரு அம்மாகிட்ட அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். பெருசா சத்தம் ஒன்னும் இல்ல, அதான் ஏமாத்திருச்சு. திரும்பிப் பாத்தா சிமிண்டுத் தரையில மல்லாக்கக் கெடக்காரு, பின்மண்டை பிளாட்பாரத் திட்டோட முனையில. ஓடிப் போயித் தூக்குறதுக்குள்ள அவரே எந்திரிச்சு உக்காந்துட்டாரு. ஒன்னுமில்லடா குருவையா, வெளிய சொல்லாத, ஏணியில இருந்து விழுறவன் ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நல்லா ஞாவகம் இருக்கு, நானும் சிரிச்சேன். ஒரு நிமிசம் இருக்குமா, ரெண்டு நிமிசமா, வாந்தி எடுத்தாரு. அப்புறம் கண்ணு மேல சொருகி கைகாலெல்லாம் வெட்டி இழுக்க ஆரம்பிச்சுருச்சு. இரும்பக் குடு, இரும்பக் குடுன்னு நாலு பேரு கத்துறான். சீட்டுக்கு அடியில இருந்து வீல் ஸ்பேனர எடுத்து அவரு கையில வச்சு என் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். என்னா வலு அந்தக் கையில. ஸ்டியரிங் பிடிச்ச கையில்ல. கொஞ்ச நேரத்துல இழுப்பு நின்னுச்சு. இரும்புக்கு அடங்கிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கும் ஒரு பெருமை வந்துச்சு, சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா வந்துச்சு, நான்தான் காப்பாத்துனேன்னு. அந்தப் பெருமையிலதான் அடுத்த காரியத்தையும் பண்ணேன். சோடா குடுங்கப்பா, ஒரு சோடா குடுத்தா தெளிஞ்சுரும்னு ஒரு குரல். யாரு குரல்னு தெரியல. என் குரலாக்கூட இருக்கும். கடையில ஒடச்சு வாங்குனது நான்தான். வெறும் சோடா வேண்டாம், பன்னீர் சோடா குடுங்கன்னு சொன்னதும் நான்தான், தெனமும் பதினோரு மணிக்கு அண்ணன் குடிக்கிறது அதுதானே, அவருக்குப் பிடிச்சதுன்னுதானே. எங்க ஸ்டாண்டுக் கடையில பன்னீர் சோடா ரோஸ் கலர்ல இருக்கும், வேற எந்த ஊருலயும் அப்படிக் கெடையாது, அந்த ஆளு என்னத்தையோ கலக்குறாரு. தலையத் தூக்கி மடியில வச்சு, வாயத் தெறந்து ஊத்துனேன். முழுங்கல. தொண்டை அசையவே இல்ல. கடகடன்னு ஒரு சத்தம், அப்புறம் மூக்கு வழியா நுரை நுரையா வந்துச்சு. சட்டையெல்லாம் ஆயிருச்சு. அப்பயும் நான் நிறுத்துனேனா? குடிண்ணே, குடிண்ணேன்னு இன்னொரு தடவை ஊத்துனேன்.

ஆம்புலன்ஸ்ல போகும்போதுதான் மூச்சு மாறிப்போச்சு. சுடுதண்ணி கொதிக்கிற மாதிரி நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம். கூட இருந்த தம்பி ஆக்சிஜன் மாட்டிக்கிட்டே அண்ணன ஒரு பக்கமாச் சாச்சுப் படுக்க வச்சான், அப்ப வாயோரத்துல நுரை வந்துச்சு. ரோஸ் கலர் நுரை. அவன் தொடைக்கத் தொடைக்க வருது, தொடைக்கத் தொடைக்க வருது, ஒரு பாட்டில் சோடாவுல இம்புட்டு நுரை எப்படி வரும்னு அப்ப எனக்குத் தோணல, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கலருதான். நான் ஊத்துன கலரு. உள்ள போயிருச்சு, நெஞ்சுக்குள்ள போயிருச்சு, அதுதான் பொங்கி வருதுன்னு தெரிஞ்சு போச்சு. சின்னப் பிள்ளையில கெணத்துல நீச்சல் பழகும்போது எனக்கு மூக்குல தண்ணி ஏறியிருக்கு, உச்சி மண்டை வரைக்கும் காந்தும், கண்ணுல இருந்து தண்ணி கொட்டும், அது பச்சத் தண்ணி, ஒரு மடக்குத்தான், அதுக்கே உசுரு போயிட்டு வரும். இது சோடா, கேஸ் வேற. அந்த மனுசன் வாயத் தொறந்து எரியுதுன்னு சொல்லக்கூட முடியாமக் கெடக்காரு. இங்க வந்து சேந்ததும் மளமளன்னு உள்ள தள்ளிட்டுப் போனாங்க, ஒரு சிஸ்டர் மட்டும் வெளிய நின்னு பேரு, வயசு, எப்ப விழுந்தாரு, எத்தனை தடவை வலிப்பு வந்துச்சுன்னு கேட்டு எழுதுனாக. எல்லாத்துக்கும் சரியாத்தான் சொன்னேன். அப்ப மதினியும் வந்துட்டாக, ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நிக்கிறாக. சிஸ்டர் பேனாவ வச்சுக்கிட்டே கேட்டாக.

"வாய் வழியா எதுவும் குடுத்தீங்களா? தண்ணி, காப்பி, சோடா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இல்ல சிஸ்டர்னுட்டேன். யோசிக்கவே இல்ல. எங்க பொழப்பு அப்படி, வண்டிய நிறுத்தி ஒருத்தர் பேனாவும் அட்டையுமா கேள்வி கேட்டா வாயில முதல்ல வர்றது இல்ல சார்தான். ஓவர்லோடா, இல்ல சார். மேல ஆள் ஏத்துனியா, இல்ல சார். சோடான்னே கேட்டாகளே. எல்லாப் பயலும் அதத்தான் பண்ணிட்டு வர்றான்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு, திட்டுறதுக்காகக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாக, ஆமான்னு சொல்லியிருந்தா ஆமான்னு எழுதிட்டுப் போயிருப்பாக. இப்ப அந்தத் தாளு உள்ள அண்ணன் கட்டில்ல தொங்குது. அதுல இல்லைன்னு எழுதியிருக்கு. நேத்து சாயங்காலம் டாக்டரம்மா வந்து பேசும்போது, தலைக்குள்ள ரத்தக்கட்டு இருக்கு, தலையில அடி பலமா பட்டா சில பேருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும், இவருக்கும் கோத்திருக்கு, அதான் டியூப் போட்டு மெஷின்ல வச்சிருக்கோம்னு பொறுமையாச் சொன்னாக. மதினி எம் மூஞ்சியப் பாக்குறாக, தலையில அடிபட்டா நெஞ்சுல ஏன் தம்பி தண்ணி கோக்குதுன்னு. எனக்கு என்னா தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், டாக்டரம்மா அந்தத் தாளப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்றாக. வாய் வழியா ஒன்னும் போகலைன்னு எழுதியிருந்தா அவுகளும் வேற காரணத்தைத்தானே தேடுவாக. தப்பான தாள வச்சுக்கிட்டுத் தப்பான வைத்தியம் நடக்குது உள்ள. போர்டு மாத்தி மாட்டுன வண்டியில ஏறுனவன் எங்க போய்ச் சேருவான். நான் இங்க நாற்காலியில உக்காந்து தலைய எண்ணிக்கிட்டு இருக்கேன்.

மணி பத்து முப்பத்தஞ்சு. எந்திரிச்சுட்டேன். கதவுகிட்டப் போயி சிஸ்டரக் கூப்பிட்டு ஒரு வரி. கதவுகிட்ட நிக்கிற செக்யூரிட்டி கையக் காட்டி, பேரு கூப்பிட்டாத்தான் வரணும், போய் உக்காருங்கங்குறான். ஒரு விசயம் சொல்லணும்ப்பாங்குறேன். என்ன விசயம்ங்குறான். ஒன்கிட்டச் சொல்லவா, நீ டாக்டரான்னு எகிறிட்டேன். அவனும் எகிறுறான். நாலு பேரு திரும்பிப் பாக்குறாங்க, மதினி வந்து கையப் பிடிச்சு, ஏன் தம்பி சண்டை போடுறீங்க, உள்ள இருக்குற மனுசனுக்கு ஆகாதுன்னு கூட்டிட்டு வந்து உக்கார வச்சுட்டாக. நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு எனக்கு. இதச் சொல்லாம எப்படி இருக்க முடியும், செக்யூரிட்டி தடுத்துட்டான், நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. நான் என்னா மனுசன். மூச்ச அடக்கிப் பாக்குறேன், காலையில இருந்து இதே வேலையா இருக்கேன், எத்தனை எண்ணுற வரைக்கும் இருக்க முடியுதுன்னு, முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு, நெஞ்சு முட்டுது, காது அடைக்குது, இதத்தானே அவரு நேத்துல இருந்து பட்டுக்கிட்டு இருக்காரு, நாப்பது, விட்டுட்டேன். எனக்கு விட முடியுது. மதினி திரும்பி, நெஞ்சு வலிக்குதா தம்பி, ஏதாச்சும் சாப்பிட்டீங்களாங்குறாக. அந்தக் கேள்விதான் என்னால தாங்க முடியல. திட்டுனாத் தாங்கலாம். சொன்னா இவுக திட்டமாட்டாக, அது எனக்குத் தெரியும். கத்தமாட்டாக, மண்ண வாரித் தூத்தமாட்டாக, எம் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிக்கிருவாக, அம்புட்டுத்தான், அப்புறம் ஞாயித்துக்கிழமை அந்த வாசலுக்கு நான் எப்படிப் போவேன். தாயச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன பெறகு எனக்குன்னு வேற வாசலு ஏது. அண்ணன் பொழச்சு வந்துட்டா ஒரு நா தனியா வண்டி கழுவும்போது சொல்லிக்கிடலாம், அண்ணே அன்னைக்கு நான் ஒரு கூத்து பண்ணேன்னு, போடா கூறுகெட்டவனேன்னு தண்ணிய என் மேல பீச்சுவாரு, முடிஞ்சு போகும். பொழச்சு வந்துட்டா. வரலைன்னா? வரலைன்னா சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு புத்தி சொல்லுது. சொன்னாத்தானடா வருவாருன்னு இன்னொரு புத்தி சொல்லுது. எதுத்தாப்புல ஒரு அம்மா கண்ண மூடிக்கிட்டு ஒதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கு. நானும் கும்பிட்டுப் பாக்குறேன். உள்ள போயிருக்கக் கூடாது சாமி, ஒரு சொட்டுக்கூட உள்ள எறங்கியிருக்கக் கூடாது, எல்லாம் மூக்கு வழியா வெளிய வந்துட்டதா இருக்கணும், நான் பாத்தேன், முக்காவாசி வெளியதான் வந்துச்சு, சட்டையப் பாருங்க, எம்புட்டுக் கறை, அம்புட்டும் வெளிய வந்ததுதானே. சாமிகிட்டயும் கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன், சிஸ்டர்கிட்டச் சொல்ல வாயி இல்ல. அண்ணன் வண்டி ஓட்டும்போது ரோட்டுல ஒரு நாயி படுத்திருந்தாக்கூட ஆரன் அடிக்கமாட்டாரு. நின்னுருவாரு. அதுவா எந்திரிச்சுப் போற வரைக்கும் வண்டி நிக்கும். நான் பின்னால இருந்து கத்துவேன், டயமாச்சுண்ணேன்னு. இப்ப அவருக்கு டயமாச்சு, நான் நின்னுக்கிட்டு இருக்கேன்.

தவசியாண்டி சொந்தக்காரங்க யாருன்னு குரல் வந்துச்சு. மணியப் பாத்தா பத்து அம்பதுதான், பத்து நிமிசம் முந்தியே வந்துட்டாக. எனக்கு இருந்த பத்து நிமிசத்தையும் எடுத்துட்டாக. மதினி சட்டையோட எந்திரிச்சு ஓடுறாக, நான் பின்னால போறேன். டாக்டரம்மா சின்னப் பிள்ளையாத்தான் இருக்காக, கண்ணுக்குக் கீழ கருத்துப்போயி, தூங்கியிருக்கமாட்டாக போல. வாயத் தெறந்து, நேத்து ராத்திரியில இருந்துன்னு ஆரம்பிக்கிறாக, அவுக முடிச்சுட்டா அப்புறம் என்னால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"டாக்டரம்மா, நான் சோடா குடுத்தேன். மயங்கிக் கெடக்கும்போது வாயில ஊத்துனேன். ரெண்டு தடவை. சிஸ்டர் கேட்டதுக்கு இல்லைன்னு பொய் சொன்னேன். ரோஸ் கலர் சோடா. அதுதான் நெஞ்சுல இருக்கு."

சொல்லிட்டேன். மதினி பக்கம் திரும்பல. டாக்டரம்மா பேனாவ எடுத்தாக. மூக்கு வழியா வந்துச்சா, இருமுனாரா, எம்புட்டு ஊத்துனீங்கன்னு ஒன்னொன்னாக் கேட்டாக, கேட்டதுக்கெல்லாம் சொன்னேன், எழுதிக்கிட்டாக. மயக்கமா இருக்குறவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, அது பெரிய தப்பு, மறைச்சது அதவிடப் பெரிய தப்பு, இப்பவாவது சொன்னீங்களேன்னாக. குரல் ஏறவே இல்ல. அப்புறம் கையில இருந்த எக்ஸ்ரேய வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பிடிச்சாக.

"ஆனா இது உங்க சோடா இல்ல. சோடா போயிருந்தா ஒரு பக்கம் திட்டா நிக்கும், காய்ச்சல் அடிக்கும், லேசில போகாது. இவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோத்து, ஒரே நாள்ல வடிஞ்சுக்கிட்டு வருது. மூளை அடி தாங்காம ரத்த அழுத்தத்தை ஒரேயடியா ஏத்தி விட்டுருச்சு, நுரையீரல்ல இருக்குற சின்னச் சின்னக் குழாயெல்லாம் கசிஞ்சிருச்சு. அந்த நுரை ரோஸா வந்தது ரத்தம் கலந்ததால. காய்ச்சல் எதுவும் வருதான்னு இனிமே கவனமாப் பாத்துக்கறோம்."

நேத்துல இருந்து நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது எறங்கிருச்சு. என்னோடது இல்ல. நான் இல்ல. அழுதுருவேன் போல இருந்துச்சு, டாக்டரம்மா காலுல விழுந்துருவேன் போல இருந்துச்சு. அவுக இன்னும் முடிக்கல. நுரையீரல் தெளிஞ்சுக்கிட்டு வருது, அது நல்ல செய்தி, ஆனா தலையிலதான் ஒரு முன்னேற்றமும் இல்ல, கண்ணு தெறக்கல, கையக் கிள்ளினாக்கூட இழுக்கமாட்டேங்குறாரு, நாங்க செய்ய முடிஞ்சதச் செஞ்சுக்கிட்டு இருக்கோம், இன்னும் ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும், நீங்க எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கணும்னு சொல்லிட்டு மதினி தோளத் தொட்டாக. நான் அந்த எக்ஸ்ரேயவே பாத்துக்கிட்டு நிக்கிறேன். என்னோடது இல்லையா. என்னோடதா இருந்திருந்தா அது வடிஞ்சதும் அண்ணன் எந்திரிச்சிருப்பாரே. நான் ஊத்துனதுதான், இவங்க உறிஞ்சி எடுத்துட்டாங்க, அம்புட்டுத்தான்னு முடிஞ்சிருக்குமே. என்னையப் பிடிச்சு ஜெயில்ல போட்டாக்கூட அவரு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரே. என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதா. நேத்துல இருந்து எத வேண்டாம் வேண்டாம்னு கும்பிட்டேனோ அதுவே ஆமான்னு ஆகியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. டாக்டரம்மா அடுத்த ஆளு பேரக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாக.

மதினி அங்கயே நிக்கிறாக. இனிமேத் தள்ளிப்போட ஒன்னும் இல்ல, திரும்பி அவுக மூஞ்சியப் பாத்தேன். திரும்பிக்கிருவாகன்னு நெனச்சேன், அவுக கண்ணு என் மேலதான் இருக்கு. சட்டைய விரிச்சு அந்தக் கறைய வெரலால தடவிப் பாத்துட்டு, சோடாவான்னாக. ஆமா மதினின்னேன். கடையில வாங்குனதான்னாக. ஆமா, அண்ணனுக்குப் பிடிச்ச பன்னீர் சோடா. சட்டைய மறுபடியும் மடிச்சாக. அப்புறம் மெதுவாக் கேட்டாக.

"நேத்து காலையில அவசரத்துல காப்பியக் கூடத் தொடாமப் போனாக தம்பி. ஒரு வாயாச்சும் உள்ள எறங்குச்சா?"

தொண்டை அசையவே இல்ல. ஒரு சொட்டுக்கூட எறங்கல. எம் மடியில வச்சுப் பாத்தவன் நானு.

"எறங்குச்சு மதினி"ன்னேன். "ரெண்டு வாயி நல்லாக் குடிச்சாரு."